கதிர்வீச்சு பட்ட மார்பில் கொழுப்பு நிரப்புதல்: இரண்டு அமர்வுகளும் ஒரு கட்டியும்

மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி குழுவில் வேலை பார்க்கிறேன். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு, அவர் வயிற்றுக் கொழுப்பையே எடுத்து மார்பில் நிரப்பினோம். அந்தச் சிகிச்சையின் பதிவு இது. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே இருக்கின்றன.

பின்னணி

அவருக்கு அப்போது 47 வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மும்பை வந்தவர். செம்பூரில் வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். கணவருக்கு நவி மும்பையில் தனியார் கம்பெனி வேலை. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு அந்தக் கம்பெனி வழியாகத்தான்.

44 வயதில் இடது மார்பின் மேல்-வெளிப்பக்கத்தில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மார்பை முழுதாக எடுக்காமல், கட்டியையும் சுற்றியிருந்த திசுவையும் மட்டும் எடுத்தார்கள். அக்குள் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள், அவற்றில் இரண்டில் நோய் இருந்தது. அப்புறம் கீமோ. அது முடிந்து 15 தவணையாக மார்பு முழுவதற்கும் கதிர்வீச்சு, கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் தவணைகள். ஹார்மோன் ஏற்பி இருந்த வகை, அதாவது ஹார்மோனால் வளரக்கூடிய புற்றுநோய் என்பதால், அதைத் தடுக்க தினமும் டாமாக்சிஃபென் மாத்திரை. இதெல்லாம் வேறொரு மருத்துவமனையில், முறையாகச் செய்யப்பட்டவை. எங்களிடம் வந்தபோது கதிர்வீச்சு முடிந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. வருடாந்திர மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) இரண்டும் சுத்தமாக இருந்தன.

மார்பைக் காப்பாற்றும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறுசீரமைப்பு எதற்கு என்று மருத்துவர்களே சிலர் கேட்பதுண்டு. மார்பு இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும் என்கிற தொனி அதில் இருக்கும். எடுத்த திசு சிறிதாக இருந்தாலும் இடத்தைப் பொறுத்துப் பள்ளம் விழும். அதன் மேல் கதிர்வீச்சு படும்போது நுண்ணிய ரத்தக்குழாய்கள் சேதமாகி, திசு நாராக இறுகும். இந்த இறுக்கம் ஒரே நாளில் வருவதில்லை. வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். அறுவை முடிந்த ஆறாம் மாதம் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன மார்பு மூன்றாம் வருடம் வேறு மாதிரி இருக்கலாம்.

முதல் சந்திப்பில் பார்த்தவை

நாத்தனாரோடு வந்திருந்தார். என்ன தொந்தரவு என்று கேட்டதும் மார்பைப் பற்றிச் சொல்லவில்லை, ரயிலைப் பற்றிச் சொன்னார். துணி எடுக்க தாதர் போகும்போது லேடீஸ் டப்பாவில் இடது கையால் மேலே பிடிக்க முடியவில்லை. கையைத் தூக்கினால் உள்ளே எதுவோ இழுக்கிறது, பள்ளம் சட்டை வழியாகத் தெரிகிறது. "எதிர்ல நிக்கிறவங்க கண்ணு அங்கதான் போகுது டாக்டரம்மா" என்றார். நாத்தனார் அதை மறுத்தார். யார் சொல்வது சரி என்பது இங்கே முக்கியமில்லை. அவர் இரண்டு வருடமாக அந்தக் கையைத் தூக்குவதையே குறைத்துவிட்டார், தோள் இறுகியதில் அதற்கும் பங்கு உண்டு.

பரிசோதனையில் தெரிந்தவை: மேல்-வெளிப்பக்கத்தில் மூன்று விரல் படியும் அளவுக்குப் பள்ளம். தழும்பு அடியிலிருந்த தசையோடு ஒட்டியிருந்தது, தோலைக் கிள்ளி எடுக்க முடியவில்லை. முலைக்காம்பு பள்ளத்தை நோக்கி இழுபட்டிருந்தது. மார்பு முழுவதும் வலப்பக்கத்தைவிடச் சிறியது, தொட்டால் கெட்டி. தோள் முழுதாக உயரவில்லை. கை வீக்கம் இல்லை. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. அடிவயிற்றிலும் இடுப்புப் பக்கத்திலும் எடுக்கத்தக்க கொழுப்பு இருந்தது. புகைப்பழக்கம் இல்லை. சர்க்கரை இருந்தது, கட்டுப்பாட்டில் இல்லை: கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2.

ஏழு வருடம் பழகிய தொழிலில் ப்ளவுஸின் இடது கப்பில் தனக்குத் தானே ஒரு அடுக்கு பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு சமாளித்தார். வேலை நேர்த்தியாக இருந்தது, வெளியே தெரியாது. அதைக் காட்டிவிட்டு, "இது போதும்னா போதும்னு சொல்லிடுங்க, நான் போயிடுறேன்" என்றார்.

எந்த வழி, ஏன்

போதும் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான், அதை முதலாவதாகவே அவரிடம் வைத்தோம். இந்தச் சிகிச்சை உயிரைக் காப்பதற்கு இல்லை, அவர் வேண்டும் என்று நினைத்தால் மட்டுமே.

அடுத்தது, முதுகுத் தசையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்புவது. ரத்த ஓட்டத்தோடு வரும் திசு என்பதால் கதிர்வீச்சு பட்ட இடத்தில் நம்பகமானது, ஒரே அறுவையில் முடியும். ஆனால் முதுகில் தழும்பு விழும், தோளுக்கு வேலை செய்யும் தசை ஒன்று குறையும். ஏற்கெனவே தோள் இறுகிய, நாள் முழுதும் தையல் மெஷினில் உட்காரும் ஒருவருக்கு இதை முதலில் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. சிலிக்கான் இம்ப்ளாண்ட் பற்றி நாத்தனார் கேட்டார். கதிர்வீச்சு பட்ட மார்பில் இம்ப்ளாண்டைச் சுற்றி உறை இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். இப்படி ஓரத்தில் விழுந்த பள்ளத்துக்கு அது பொருந்தவும் செய்யாது. வலப்பக்க மார்பைச் சிறிதாக்கி இரண்டையும் சமமாக்கலாம் என்றதும், நல்லாயிருக்கும் பக்கத்தில் கத்தி வைக்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்தது கொழுப்பு நிரப்புதல். லிப்போஃபில்லிங் என்றும் ஃபேட் கிராஃப்டிங் என்றும் மருத்துவமனையில் சொல்வார்கள். வயிற்றிலிருந்து கொழுப்பை ஊசிக்குழாயால் உறிஞ்சி, சுத்தம் செய்து, கேனுலா என்ற மெல்லிய குழாயால் மார்பில் துளித்துளியாகப் பதிப்பது. பெரிய தழும்பு இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். பதித்ததில் ஒரு பகுதி கரைந்துபோகும், எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பாதி நின்றால் நல்லது என்று கணக்கு வைத்துக்கொள்வோம். அதனால் ஒரே தடவையில் முடியாது. கதிர்வீச்சு பட்ட மார்புக்குக் குறைந்தது இரண்டு அமர்வு, சிலருக்கு மூன்று நான்கு.

இந்த இடத்தில் நாத்தனார், "எங்கிட்ட வேண்டிய மட்டும் கெடக்கு டாக்டரம்மா, அதுல எடுத்துக்கிடுங்க" என்றார். சிரிப்பு வந்தாலும் கேள்வி நியாயமானது, பலரும் கேட்பது. இன்னொருவர் கொழுப்பை உடல் ஏற்காது. அவரவர் கொழுப்பு மட்டும்தான்.

புற்றுநோய் வந்த மார்பில் கொழுப்பு வைக்கலாமா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு நேரம் எடுத்துக்கொண்டோம். இந்தச் சிகிச்சையின் வரலாறே அந்தச் சந்தேகத்தைச் சுற்றித்தான். 1895-லேயே ஜெர்மனியில் வின்சென்ஸ் செர்னி என்ற அறுவை மருத்துவர், ஒரு பெண்ணின் உடலிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பில் வைத்திருக்கிறார். லைப்போசக்‌ஷன் வந்த பிறகு 1980களில் பலரும் கொழுப்பை மார்பில் செலுத்தத் தொடங்கினார்கள். 1987-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் அதைச் செய்ய வேண்டாம் என்றது. இறந்துபோன கொழுப்பு கட்டியாகவும் கால்சியம் படிவாகவும் மாறினால் புற்றுநோயைக் கண்டுபிடிப்பது கடினமாகும் என்பது காரணம். இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தடை நின்றது. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் மேம்பட்டு, பெரும்பாலான படிவுகளைப் பிரித்தறிய முடியும் என்றான பிறகு, 2009-ல் அந்தச் சங்கத்தின் பணிக்குழு நிலையை மாற்றிக்கொண்டது.

இன்னொரு சந்தேகம் செல் அளவிலானது. கொழுப்பில் ஸ்டெம் செல்கள் உண்டு. ஆய்வகத்தில் அவை புற்றுநோய் செல்கள் வளர உதவுவதாகச் சில சோதனைகள் காட்டின. நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், கொழுப்பு நிரப்பியவர்களுக்கு நோய் திரும்புவது மொத்தத்தில் அதிகமாகவில்லை. இரண்டையும் அப்படியே அவரிடம் சொன்னோம். ஆய்வகத்தில் பார்த்ததை மறைத்து, ஆபத்தே இல்லை என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவது சரியில்லை.

அவருடைய ஆன்காலஜிஸ்ட்டுக்கு (புற்றுநோய் மருத்துவருக்கு) எழுதிக் கேட்டோம். புதிதாக மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றார். மூன்றும் சுத்தம். டாமாக்சிஃபென் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும் மருந்து. அதை நிறுத்த வேண்டுமா என்று ஆன்காலஜிஸ்ட்டும் மயக்க மருத்துவரும் பேசினார்கள். சிறிய அறுவை, அன்றே எழுந்து நடக்கப் போகிறார் என்பதால் தொடரச் சொன்னார்கள். எல்லாருக்கும் இதே முடிவு பொருந்தாது.

சர்க்கரை குறையும் வரை தேதி கொடுக்கவில்லை. மூன்று மாதத்தில் 6.9-க்கு வந்தது. அந்த மூன்று மாதத்தில் தோளுக்கு பிசியோதெரபியும் நடந்தது.

காப்பீட்டு மறுப்பு

முன் அனுமதி கேட்டதற்கு, இது அழகு சிகிச்சை, விலக்கில் வருகிறது என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. கணவர் நகையை அடகு வைக்கத் தயாரானார். நாங்கள்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னோம்.

மருத்துவக் காப்பீடுகளுக்குப் பொதுவாக, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வகுத்த விலக்குகளில், அழகு மற்றும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கான விலக்கு 08-ஆம் குறியீட்டில் வருகிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பு அதில் அடங்காது என்று அந்த விலக்கின் வாசகத்திலேயே இருக்கிறது. அவருடைய பாலிசிப் புத்தகத்திலும் அதே வரி இருந்தது. அந்தப் பக்கத்தின் நகல், புற்றுநோய் அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆன்காலஜிஸ்ட் கடிதம், பள்ளத்தின் புகைப்படம் ஆகியவற்றோடு எங்கள் கடிதத்தையும் வைத்து, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பச் சொன்னோம். கடிதத்தில் அழகு, தோற்றம் போன்ற சொற்களே வரவில்லை. புற்றுநோய் அறுவையாலும் கதிர்வீச்சாலும் வந்த குறைபாட்டை மறுசீரமைப்பது என்று மட்டும் இருந்தது. அங்கும் மறுத்தால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போவதாகத் திட்டம். அதற்கு அவசியம் வரவில்லை. சில வாரம் கழித்து அனுமதி வந்தது. அடுத்த அமர்வுக்கு மறுபடி மறுத்து, பழைய அனுமதியைக் காட்டியதும் கொடுத்தார்கள்.

முதல் அமர்வு

முழு மயக்கத்தில் செய்தோம். அடிவயிற்றில் உப்புநீரோடு அட்ரினலினும் லிக்னோகைனும் கலந்த திரவத்தைச் செலுத்தினோம். ரத்தக்குழாய்கள் சுருங்கும் வரை காத்திருந்து, சிரிஞ்சால் மென்மையாக உறிஞ்சினோம். மெஷினின் பலத்த உறிஞ்சலில் கொழுப்பு செல்கள் உடையும் என்பதால் இப்படி. வந்தது சுமார் 240 மில்லி. அதை சென்ட்ரிஃப்யூஜில் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் மூன்று நிமிடம் சுற்றினோம். இது அமெரிக்க மருத்துவர் சிட்னி கோல்மன் 1990களில் பரப்பிய முறை. சுற்றி முடித்தால் மேலே எண்ணெய், கீழே ரத்தமும் திரவமும், நடுவில் உபயோகப்படும் கொழுப்பு. அது 120 மில்லி தேறியது.

பதித்தது 75 மில்லி மட்டும். மிச்சத்தைக் கொட்டிவிட்டோம்.

இந்த முடிவில்தான் இந்தச் சிகிச்சையின் சூட்சுமம் இருக்கிறது. கையில் கொழுப்பு இருக்கிறது, பள்ளமும் இருக்கிறது. நிரப்பிவிடலாம் என்ற ஆசை எந்த சர்ஜனுக்கும் வரும். பதித்த கொழுப்புக்கு முதல் சில நாள் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் திசுவிலிருந்து ஊறிவரும் ஆக்சிஜனில்தான் உயிரோடு இருக்கும். அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் எட்டும். அதனால் ஒரு துளிகூடக் கனமாக இருக்கக் கூடாது. கேனுலாவை ஒவ்வொரு முறை பின்னிழுக்கும்போதும் அரை மில்லிக்கும் குறைவாக, வெவ்வேறு ஆழத்தில், விசிறி போலப் பல பாதைகளில் விட வேண்டும். இறுகிய மார்பில் அளவுக்கு மேல் திணித்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கிற கொஞ்ச ரத்த ஓட்டமும் நின்று, எல்லாமே சாகும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் முதல் அமர்வின் வேலை பள்ளத்தை நிரப்புவது இல்லை என்பது எங்கள் குழுவின் நிலை. தோலையும் அடித்திசுவையும் இளக்கி, அடுத்த அமர்வுக்கு இடம் உண்டாக்குவதுதான் அதன் வேலை. தழும்பின் அடியில் ஒட்டியிருந்த நார்களை ஊசி முனையால் ஆங்காங்கே துளைத்து விடுவித்தோம். வெட்டி ஒரே பெரிய பையாக்கவில்லை. பையில் தேங்கும் கொழுப்பு பிழைக்காது.

அவரிடம் இதை விளக்கியபோது, "துணியில இடம் விடாம பஞ்சைத் திணிச்சா தையல் பிரியும், அதானே" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மிஞ்சியதை ஃப்ரிஜ்ஜில் வைத்து அடுத்த தடவைக்கு எடுத்துக்கொள்ள முடியாதா என்று கணவர் கேட்டார். உறைய வைத்த கொழுப்பில் செல்கள் எத்தனை பிழைக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாக எடுப்பதுதான் எங்கள் வழக்கம்.

அன்று மாலையே வீட்டுக்குப் போனார். மார்பைவிட வயிறுதான் அதிகம் வலித்தது, பலருக்கும் அப்படித்தான். வயிற்றுக்கு அழுத்தப் பட்டை போட்டோம், மார்பில் அழுத்தம் கூடாது என்றோம். இறுக்கமான ப்ரா வேண்டாம், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டாம், சில வாரத்துக்குக் கூட்ட நேர ரயில் வேண்டாம். இரண்டு வாரத்தில் தையல் மெஷினுக்குத் திரும்பினார்.

இடைப்பட்ட மாதங்கள், இரண்டாம் அமர்வு

முதல் இரண்டு வாரம் வீக்கத்தில் மார்பு நிரம்பினாற்போல் இருக்கும், பிறகு குறையும் என்று முன்பே சொல்லியிருந்தோம். சொல்லியும், ஆறாவது வாரம் பள்ளம் திரும்பத் தெரிந்ததும் போன் செய்தார். குரலில் ஏமாற்றம் இருந்தது. மூன்றாம் மாதம் வரை அளவைப் பற்றி எதுவும் முடிவு செய்ய வேண்டாம் என்றோம்.

மூன்றாம் மாதம் பார்த்தபோது பள்ளம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. தோல் நன்றாக மாறியிருந்தது. தழும்புக்கு மேல் தோலைக் கிள்ளி எடுக்க முடிந்தது. கை தூக்கும்போது இழுப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னார். கொழுப்பாலா, நார்களை விடுவித்ததாலா, பிசியோதெரபியாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றுக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் மாதம் இரண்டாம் அமர்வு. இளகிய திசு இந்தத் தடவை 110 மில்லி வாங்கிக்கொண்டது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது பள்ளம் பெரும்பகுதி நிரம்பியிருந்தது, முலைக்காம்பின் சாய்வு குறைந்திருந்தது. வலது இடுப்பில், கொழுப்பு எடுத்த இடத்தில் ஒரு சின்னக் குழிவு விழுந்திருந்தது. நாங்கள் கவனிப்பதற்கு முன்பே டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

கட்டி

இரண்டாம் அமர்வு முடிந்து ஆறேழு மாதம் இருக்கும். குளிக்கும்போது தழும்பின் ஓரத்தில், சுண்டைக்காய் அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குப் பரீட்சை நேரம், அது முடியட்டும் என்று இருந்திருக்கிறார். ராத்திரி அவர் திரும்பத் திரும்ப அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்த கணவர்தான் எங்களுக்குப் போன் செய்தார்.

கொழுப்பு நிரப்பிய மார்பில் இப்படி வருவது அபூர்வமில்லை. பிழைக்காத கொழுப்பில் சிறு துணுக்குகள் கரைந்துபோகும். பெரிய துணுக்கைச் சுற்றி உடல் நார் உறை கட்டி, எண்ணெய் நிரம்பிய பையாகவோ கெட்டிப்பட்ட முடிச்சாகவோ வைத்துக்கொள்ளும். பிறகு ஓரத்தில் கால்சியம் படியும். இது எனக்குத் தெரியும். கட்டி இருந்தது நான்கு வருடத்துக்கு முன் புற்றுநோய் எடுத்த அதே இடத்தின் ஓரம் என்பதும் தெரியும். முதலாவதை நம்பி இரண்டாவதை விட்டுவிட முடியாது. கொழுப்புதான், பயப்படாதீங்க என்று போனில் சொல்லிவிடுவது சுலபம். பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது.

மறுநாளே வரச் சொன்னோம். தொட்டுப் பார்த்ததில் ஒன்றேகால் சென்டிமீட்டர், கெட்டி, கொஞ்சம் அசைந்தது. அக்குளில் ஒன்றும் இல்லை. அறுவைக் குறிப்பில், எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு பதித்தோம் என்று படம் வரைந்து வைப்போம். கட்டி இருந்த இடம் இரண்டாம் அமர்வில் அதிகம் பதித்த பகுதிக்குள் வந்தது. கொழுப்பு என்று நினைக்க அது ஒரு காரணம், ஆனால் ஆதாரம் இல்லை.

மேமோகிராமில் சந்தேகப்படும்படியான நுண்ணிய கால்சியம் இல்லை. அல்ட்ராசவுண்டில் இரண்டு சின்ன எண்ணெய்ப் பைகள் தெளிவாகத் தெரிந்தன, அவை பிரச்சினை இல்லை. கையில் தட்டுப்பட்டது மட்டும் கலவையாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தது. கொழுப்புச் சிதைவாக இருக்கத்தான் வாய்ப்பு, ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட், மார்பு ஸ்கேன்களைத் தரம் பிரிக்கும் பை-ராட்ஸ் அளவில் 4ஏ கொடுத்தார். புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 முதல் 10 சதவீதத்துக்குள் என்று அதற்குப் பொருள்.

இரண்டு வழி இருந்தது. சில மாதம் விட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது ஒன்று. கொழுப்புச் சிதைவு என்றால் சுருங்கும் அல்லது எண்ணெய்ப் பையாக மாறும், புற்றுநோய் என்றால் வளரும். இன்னொன்று உடனே ஊசி பயாப்ஸி, அதாவது ஊசியால் துண்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஓரம் தெளிவாக இருந்திருந்தால் காத்திருக்கலாம் என்று சொல்லியிருப்பேன். நோய் வந்த மார்பு, ஒழுங்கில்லாத ஓரம், மூன்று வாரமாகத் தூங்காத நோயாளி. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து பயாப்ஸி என்று முடிவெடுத்தோம். ஆன்காலஜிஸ்ட்டும் ஒப்புக்கொண்டார். கட்டியை அப்படியே அறுத்து எடுத்துவிடலாம் என்று கணவர் கேட்டார். எடுத்தால் பள்ளம் திரும்ப விழும், கொழுப்புதான் என்றால் வீணாக ஒரு அறுவை. முதலில் தெரிந்துகொள்வோம் என்றோம்.

மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே கட்டியிலிருந்து சில துண்டுகள் எடுக்கப்பட்டன. அன்றே இரண்டு எண்ணெய்ப் பைகளில் ஒன்றை ரேடியாலஜிஸ்ட் ஊசியால் உறிஞ்சி, மஞ்சள் எண்ணெயை சிரிஞ்சில் அவருக்குக் காட்டினார். பேச்சில் வராத தைரியம் அதைப் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் வந்தது என்று பிறகு சொன்னார்.

முடிவு வர ஐந்து நாள் ஆனது. கொழுப்புச் சிதைவு, நார்த்திசு, கொழுப்பை விழுங்கிய செல்கள். புற்றுநோய் இல்லை. பயாப்ஸி முடிவு நல்லதாக வந்தால் மட்டும் போதாது. ஸ்கேனில் பார்த்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் ஊசி இடம் தவறியிருக்கலாம். ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் வைத்துப் பார்த்து, பொருந்துகிறது என்று எழுதிக் கொடுத்த பிறகே குடும்பத்திடம் உறுதியாகச் சொன்னோம்.

பின்னர் நடந்தது

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் முடிச்சு சுருங்கியிருந்தது, ஓரத்தில் முட்டை ஓட்டைப் போல மெல்லிய கால்சியம் வளையம் வரத் தொடங்கியிருந்தது. இது தீங்கில்லாத வகை, மேமோகிராமில் பார்த்ததும் அடையாளம் தெரியும். அதற்கு அடுத்த வருடாந்திர மேமோகிராமும் சுத்தம். டாமாக்சிஃபென் தொடர்கிறது.

மார்பின் மேல் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சரிவு இருக்கிறது. மூன்றாவது அமர்வில் அதைச் சரிசெய்யலாம், கொழுப்பும் இருக்கிறது, காப்பீடும் தரும். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இன்னொரு கட்டி வந்து இன்னொரு ஐந்து நாள் காத்திருக்கத் தன்னால் முடியாது என்றார். நான் வற்புறுத்தவில்லை. படம் பார்த்தால் எந்த சர்ஜனும் இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்வார். கையைத் தூக்க வேண்டும், பஞ்சு வைக்காமல் ப்ளவுஸ் போட வேண்டும் என்ற இரண்டுக்காக வந்தவர், இரண்டும் கிடைத்துவிட்டது என்கிறார். பதித்த கொழுப்பு உடல் எடையோடு கூடவும் குறையவும் செய்யும் என்பதால் எடையை ஒரே அளவில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.

நடைமுறையில் மாற்றியவை

சம்மதப் படிவத்தில் கட்டி, கால்சியம் படிவு வரலாம் என்று ஒரு வரி எப்போதும் உண்டு. அவரும் அதில் கையெழுத்துப் போட்டவர்தான், ஆனால் கட்டி தட்டுப்பட்டபோது அந்த வரி அவர் நினைவுக்கு வரவேயில்லை. இப்போது முதல் அமர்வுக்கு முன் இதற்கென்றே தனியாக உட்கார்ந்து பேசுகிறோம்: கட்டி வரலாம், வந்தால் பெரும்பாலும் கொழுப்புதான், ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் இல்லை, ஒரு வாரத்துக்குள் இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள். வீட்டிலிருந்து இன்னொருவர் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

மார்பைக் காப்பாற்றும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு, கடைசி அமர்வு முடிந்து ஆறாம் மாதம் அல்ட்ராசவுண்டும் மேமோகிராமும் எடுத்து வைக்கிறோம். பிற்பாடு கட்டி வந்தால் ஒப்பிட ஒரு படம் கையில் இருக்கும். எங்கள் குழுவிலேயே இதற்கு எதிர்க்கருத்து உண்டு. தேடினால் ஏதாவது கண்ணில் படும், பட்டால் தேவையில்லாத பயாப்ஸி கூடும் என்கிறார் ஒருவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மார்பை முழுதாக எடுத்து மறுசீரமைத்தவர்களுக்கு நாங்கள் வழக்கமாக எடுப்பதில்லை, கையில் தட்டுப்பட்டால் மட்டும்தான்.

இன்னொன்று, அட்டை. மும்பையில் பலரும் வருடாந்திர மேமோகிராமை வீட்டுப் பக்கத்து சென்டரில் எடுத்துக்கொள்கிறார்கள். செம்பூரிலிருந்து ஒரு ஸ்கேனுக்காக எங்கள் மருத்துவமனை வரை வர வேண்டிய அவசியமும் இல்லை. மார்பில் கொழுப்பு பதிக்கப்பட்டிருக்கிறது என்பது அங்கே படம் பார்ப்பவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். அதனால் அமர்வுத் தேதிகள், எந்தப் பகுதியில் எத்தனை மில்லி, பயாப்ஸி செய்திருந்தால் அதன் முடிவு, எங்கள் ரேடியாலஜிஸ்ட்டின் தொடர்பு எண் எல்லாவற்றையும் மார்பின் கோட்டுப் படத்தோடு ஒரே அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். பழைய மேமோகிராம் கவரிலேயே அதையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். முன்பு சிகிச்சை எடுத்தவர்களுக்கும் கோப்புகளைப் பார்த்து எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பழைய கோப்புகள் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கின்றன.